மனசுக்கும் குடிக்கும் வைத்தியம்: என் மேசையில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகள்

அரசாங்கக் கிளினிக்கில் தாதியாக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். பிறந்தது மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில். இப்போது டவுனில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்து ஓரம் ஒரு மேசை போட்டு உட்காருவேன். பிரஷர் பார்க்கத்தான் அந்த மேசை. ஆனால் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும் அந்த ஒரு நிமிடத்தில்தான் ஆட்கள் குரலைத் தாழ்த்துவார்கள். "மிஸ்ஸி, ஒண்ணு கேட்கலாமா?"

அந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். ஆளையும் தோட்டத்தையும் அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் அறைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தவள்.

தெரப்பி தெரப்பிங்கிறாங்களே மிஸ்ஸி, சும்மா உட்கார்ந்து பேசுறதுதானே? அதைத்தான் நான் தினம் வீட்ல பேசுறேனே.

வீட்டில் நாம் பேசுவது புத்திமதி. "குடிக்காதீங்க, பிள்ளைங்க முகத்தைப் பாருங்க." கேட்டுக் கேட்டு அவர் காது மரத்துப் போயிருக்கும். தெரப்பியில் அதிகம் பேசுகிறவர் வந்தவர்தான். எதிரே இருப்பவர் கேள்வி கேட்பார், கேட்டதைத் திரும்பச் சொல்லிச் சரிபார்ப்பார். வாரத்துக்கு ஒரு தடவை அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். நடுவில் வீட்டுப்பாடமும் உண்டு.

ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற ஒருவர் தன் வீட்டுப்பாடத்தை எனக்குக் காட்டினார். நாலாக மடித்த தாள், ஓரத்தில் பால் கறை. நான்கு கட்டம் போட்டிருந்தது: எப்போது, எங்கே, மனசில் என்ன ஓடியது, பிறகு என்ன செய்தேன். ஒரு வரி இப்படி: "5.30, ஒட்டுக்கடை, வீட்டுக்குப் போனா வட்டிக்காரன் நிப்பான், மூணு பாட்டில்." அடுத்த வரியிலும் வட்டிக்காரன். அதற்கடுத்ததிலும் அவன்தான். மூன்றாவது வாரம் அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவருக்கே பிடிபட்டது, தாகத்துக்கு முன்னால் பயம் வருகிறது என்று. அதன் பிறகு குடியைப் பற்றிப் பேசியது பாதி, கடனை எப்படிக் கட்டுவது என்று பேசியது பாதி. இந்த முறைக்கு சி.பி.டி. என்று பெயர். நினைப்பு, உணர்ச்சி, செய்கை மூன்றும் எங்கே முடிச்சுப் போட்டிருக்கின்றன என்று தேடி அவிழ்ப்பது. வழக்கமாகப் பன்னிரண்டிலிருந்து இருபது சந்திப்பு ஆகும். லேசான சிக்கலுக்கு அதற்கும் குறைவு.

அங்க போனா பைத்தியம்னு எழுதிடுவாங்களா? தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்களா?

பேராக்கில் 1911-இல் திறந்த மனநல ஆஸ்பத்திரி அது. இன்றைய பெயர் ஹோஸ்பிட்டல் பஹாகியா உலு கிந்தா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் மாறியும் நம் வாயில் அந்த ஊர் இன்னும் ஒரு வசவாகவே இருக்கிறது. சாப்பிட அடம்பிடித்தால் "ரம்புத்தான் காடி வருது" என்று பாட்டி மிரட்டுவார். அந்தக் காடிக்கு, அந்த வண்டிக்குப் பயந்தே வளர்ந்த பிறகு ஐம்பது வயதில் கிளினிக் படியேற எப்படிக் கால் வரும்?

மனசு சரியில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் எங்கேயும் படுக்க வேண்டியதில்லை. வந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒருவரை அவர் விருப்பமில்லாமல் சேர்ப்பதற்கு 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் தனி நடைமுறை இருக்கிறது. டாக்டர் நேரில் பரிசோதிக்காமல் அது நடக்காது. நாட்டு அளவில் எடுத்த சுகாதார ஆய்வில் பெரியவர்களில் மனச்சோர்வு உள்ளவர்கள் 2019-இல் 2.3 சதவீதம், 2023-இல் 4.6. நூறு பேர் உட்கார்ந்த கல்யாணப் பந்தியில் நாலைந்து பேர். அவர்களும் நம்மோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

சரி, எங்க போகணும்? எவ்வளவு ஆகும்?

முதலில் கிளினிக் கெசிஹாத்தான், அதாவது அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். இனிப்பு நீருக்கும் (சர்க்கரை நோய்) பிரஷருக்கும் போகிற அதே இடம், அதே கவுண்டர். நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). நீல ஐ.சி. (குடிமக்களின் அடையாள அட்டை) இல்லாதவர்களுக்குக் கட்டணம் கூடும், ஆனால் பார்ப்பார்கள். கவுண்டரில் எல்லார் காதிலும் விழச் சொல்லக் கூச்சமாக இருந்தால் "தூக்கம் இல்லை, டாக்டரைப் பார்க்கணும்" என்றால் போதும். மீதியை உள்ளே சொல்லலாம்.

டாக்டர் தேவை என்று நினைத்தால் நிபுணருக்குக் கடிதம் கொடுப்பார். நம் பக்கத்துக்குப் பெரும்பாலும் சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் ஆஸ்பத்திரி. அங்கே நிபுணர் கிளினிக்குக்கு ஐந்து வெள்ளி. காத்திருப்பு உண்டு, சில நேரம் மாதக்கணக்கில். தனியாரில் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு நூறு இருநூறு வெள்ளி போய்விடும். இன்னொன்று: கெடாவில் அரசாங்க விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் இருக்கும் மகன் "சண்டே போகாதீங்கம்மா, மூடியிருக்கும்" என்று ஃபோனில் சொன்னதை நம்பி ஓர் அம்மா மூன்று வாரம் தள்ளிப்போட்டார். ஞாயிறு திறந்திருக்கும்.

கவுன்சலர், சைக்கோலோஜிஸ்ட், சைக்கியாட்ரிஸ்ட். யாரு யாரும்மா இவங்கெல்லாம்?

சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் டாக்டர், மருந்து எழுதலாம். கிளினிக்கல் சைக்கோலோஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். சோதனைகள் செய்வார், ஆழமான தெரப்பி கொடுப்பார். கவுன்சலர் பேசி வழிகாட்டப் பயிற்சி பெற்றவர். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாமல் யாரும் கவுன்சலர் என்று போர்டு மாட்டக்கூடாது. பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். உண்மையான ஆள் அதற்குக் கோபப்பட மாட்டார். இரண்டு நாள் கோர்ஸ் முடித்துவிட்டு ஃபேஸ்புக்கில் "மனநல வழிகாட்டி" ஆனவர்களை எனக்கே நாலு பேரைத் தெரியும்.

தமிழ்ல பேசலாமா? எனக்கு மலாய்ல சாமான் வாங்கத்தான் தெரியும், மனசைச் சொல்லத் தெரியாது.

இந்தக் கேள்விதான் என்னை இதையெல்லாம் எழுத வைத்தது. நம் அம்மாக்கள் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று வருவதில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "உடம்பெல்லாம் எரியுது", "தலை கிறுகிறுங்குது" என்பார்கள். மலாய்க்கு மாறும்போது அது "சாக்கிட் கெப்பாலா" ஆகிவிடும். தலைவலி மாத்திரையோடு வீடு திரும்புவார்கள். வருடக்கணக்கில் பனடோல் வாங்கிப் போன ஒருவரிடம் ஒரு நாள் தமிழில் "ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்று கேட்டேன். மூன்று மணிக்கு எழுந்து விடியும்வரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி அழுதுவிட்டார்.

தமிழ் பேசும் டாக்டரோ தாதியோ இருக்கிறாரா என்று கேட்கத் தயங்க வேண்டாம். இல்லையென்றால் விவரம் தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டிப்போங்கள். பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். "அம்மாவுக்கு வாழவே பிடிக்கலையாம்" என்று அந்தக் குழந்தை தன் வாயால் சொல்ல வேண்டி வரும். கடைசி இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கொண்ட ஒரு தாள் கொடுப்பார்கள். தூக்கம், பசி, களைப்பு, எதிலும் நாட்டமின்மை, செத்துவிட்டால் நல்லது என்ற நினைப்பு, இப்படி. புரியாத வரியில் கோடு போட்டுவிட்டு நகராதீர்கள். கேளுங்கள்.

மாத்திரை ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் விட முடியாதாமே?

மனச்சோர்வு மாத்திரை, சம்சு என்ற மலிவுச் சாராயம் மாதிரி ஏங்க வைக்காது. வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். வயிற்றுப் புரட்டலும் தலைவலியும் முதலில் வரும், நன்மை பிறகுதான் வரும். பத்தாவது நாள் தூக்கிப்போடுகிறவர்கள் இதனால்தான் அதிகம். நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போது டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பழகிப் போகிற மாத்திரைகள் வேறு: தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொஞ்ச நாளைக்குக் கொடுப்பவை. பக்கத்து வீட்டு ஆண்டி கொடுத்தார் என்று அவற்றை விழுங்காதீர்கள்.

குடிக்கிறது நோயா, கொழுப்பா?

கேட்டவர் ஒரு மாமியார். மருமகன் பக்கத்திலேயே நின்றான். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பதில் சொன்னேன். முதல் கிளாஸை எடுத்தது அவன் கை. ஆனால் வருடக்கணக்கில் தினம் குடித்த மூளை வேறு மாதிரி வேலை செய்யும். குடிக்காவிட்டால் கை நடுங்கும், தூக்கம் வராது, வேறு எதிலும் சுகம் தெரியாது. அந்த நிலையில் "மனசு வைத்தால் விடலாம்" என்பது, இனிப்பு நீர்க்காரரிடம் மனசு வைத்துச் சர்க்கரையை இறக்கு என்று சொல்வதற்குச் சமம். மனசும் வேண்டும், வைத்தியமும் வேண்டும்.

இந்தப் பழக்கம் நம் ஆட்கள் ரத்தத்தில் ஊறியது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டங்களில் கள்ளுக்கடையும் ஓர் ஏற்பாடாக இருந்தது. நாள் முழுக்க வெயிலில் வேலை, சாயங்காலம் கைக்கெட்டும் தூரத்தில் கள். எதிர்த்தவர்களும் நம் ஆட்கள்தான். 1946, 47 வாக்கில் இதே பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை திரண்டு கள்ளுக்கடைகளுக்கு முன்னால் மறியல் செய்தது. கள் போனதும் மலிவான சம்சு வந்தது. 2017 டிசம்பரிலிருந்து 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மது விற்கக்கூடாது. கடைக்காரர் ஐ.சி. கேட்கிறாரா என்று நம் ஊரில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள்.

என் வீட்டுக்காரரு நாளைக்கே ஒரேடியா நிறுத்துறேன்னு சாமி மேல சத்தியம் பண்ணிட்டாரு. நல்லதுதானே?

தினமும் நிறையக் குடிக்கிறவர் என்றால் அவசரப்பட வேண்டாம். முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கடைசிக் கிளாஸுக்குப் பிறகு ஆறு மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். அது உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, வைட்டமின் பி1 ஏற்றி, ஐந்தாறு நாளில் பத்திரமாக இறக்கிவிடுவார்கள்.

நான் இதைத் தெரிந்துகொண்டது என் தம்பியிடம். தீபாவளிக்கு முந்தின வாரம். அப்பா இல்லாத வீடு, நான்தான் பெரியவள். அவனை அறையில் தள்ளி வெளியே தாழ் போட்டேன். இரண்டு வேளைச் சோற்றை ஜன்னல் வழியே கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் தட்டு விழுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் வலிப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும் இரண்டு நாள் போர்வையிலிருந்து எறும்பு பொறுக்கிக்கொண்டே இருந்தான். ஓர் எறும்பும் இல்லை. அப்போது நான் தாய்சேய் பிரிவில் வேலை செய்த தாதி. வெள்ளைச் சட்டை போட்டிருந்தும் எனக்கு இது தெரியவில்லை. உங்களுக்குத் தெரியாததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடம்பிலிருந்து சாராயத்தை இறக்குவது முதல் வாரத்து வேலை. தெரப்பி அதற்குப் பிறகு தொடங்குவது. "ஆஸ்பத்திரியில படுத்து எழுந்தாச்சு, சரியாகிட்டார்" என்று அங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள்தான் மறுபடி வருகிறார்கள்.

கேத்தும் தண்ணி வெறும் இலைதானே? மூலிகைன்னு மலாய்க்காரப் பெரியவங்களே குடிக்கிறாங்களே?

இலைதான். கேத்தும் மரத்து இலையைக் காய்ச்சிய தண்ணி. கஞ்சாவும் இலைதான். கேத்துமில் இருக்கும் மித்ராஜினின் என்ற பொருள் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. கொஞ்சமாகக் குடித்தால் சுறுசுறுப்பு, அதிகமானால் மயக்கம். உடம்பு வலிக்காமல் செம்பனைக் குலை அறுக்கலாம் என்று தொடங்கி, நாளைக்கு ஒரு பாக்கெட் மூன்றாகிவிடும். விட்டால் எலும்பு வலி, மூக்கொழுகல், எரிச்சல், தூக்கமின்மை. இளசுகள் அதில் இருமல் மருந்தைக் கலக்கிறார்கள். அது இன்னும் மோசம். முதலாளிக்குத் தெரியாமல் சரியாக்க முடியுமா என்று கேட்கிறார்கள். முடியும். கிளினிக்குக்கு அவர் எதற்குப் போனார் என்று தோட்டத்து ஆபீஸுக்கு யாரும் ஃபோன் போடுவதில்லை.

ஹெரோயினுக்கு மருந்து குடுக்கிறாங்களே, அதே மாதிரி சியாபுக்கும் குடுக்க மாட்டாங்களா?

ஹெரோயினுக்கு மெத்தடோன் இருக்கிறது. நம் நாட்டில் 2005-இல் தொடங்கியது, இப்போது பல கிளினிக் கெசிஹாத்தானில் கிடைக்கிறது. காலையில் போய், பார்மசிக்காரர் முன்னாலேயே குடிக்க வேண்டும். "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்று கேட்பவர்களுக்கு: அது ஒரு நாள் முழுக்க மெதுவாக நிற்கும், தலைக்கு ஏறாது. ஊசியைத் தேடி ஓட வேண்டியதில்லை, வேலைக்குப் போகலாம். ஊசி போனால் எச்.ஐ.வி. பயமும் குறையும்.

சியாபு என்கிற மெத்தம்பெட்டமினுக்கு அப்படி மாற்று மருந்து இல்லை. அதற்குத் தெரப்பிதான் பிரதான வைத்தியம். முதல் கேள்விக்குச் சொன்ன அந்த நாலு கட்டத் தாள் இங்கேயும் உதவும். சிறுநீர்ச் சோதனை சுத்தமாக வந்தால் சின்னப் பரிசு கொடுக்கிற முறையும் வெளிநாடுகளில் நன்றாக வேலை செய்திருக்கிறது. பெரிய ஆம்பிளைக்குப் பரிசா என்று சிரிக்காதீர்கள். வேறு எதுவும் சுகம் தராத மூளைக்கு, சின்ன சந்தோஷத்தை மறுபடி பழக்குவது அது. மூன்று நாள் தூங்காமல் "வெளியே ஆள் நிக்கிறான்" என்று கத்தியோடு உட்கார்ந்திருந்தால் வாக்குவாதம் வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து 999-ஐ அழையுங்கள்.

நானே போய்ச் சொன்னா போலிஸ்ல புடிச்சுக் குடுத்துட மாட்டாங்களா?

சட்டம் சட்டமாகத்தான் இருக்கிறது. போதைப்பொருள் உட்கொண்டது நிரூபணமானால் 1952-ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆவது பிரிவில் 5,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டு வருடம் வரை சிறையோ கிடைக்கலாம். ஆனால் ரோட்டில் பிடிபட்டுச் சிறுநீர் சோதனைக்கு நிற்பது ஒரு பாதை. தானாகப் போய் உதவி கேட்பது வேறு பாதை. ஏ.ஏ.டி.கே. (தேசியப் போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனம்) அலுவலகத்தில் விருப்பத்தின் பேரில் சிகிச்சைக்குப் பதியலாம். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு அதற்காகவே இருக்கிறது. பிடிபட்ட பிறகு யோசிப்பதைவிட முன்னாலேயே போவது எப்போதும் லேசு.

இதையொட்டி இன்னொரு பயமும் உண்டு. தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸ் போடுவார்கள் என்று. முன்பு தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு அப்படி இருந்தது உண்மை. 2023-இல் அதை நீக்கிவிட்டார்கள். மறைக்காமல் கூட்டிப் போங்கள்.

மகன் படிவம் நாலு. ரூமை விட்டு வர்றதே இல்ல. வயசுக் கோளாறா, வேற எதுவுமா?

பதினாறு வயதில் எல்லாப் பையனும் கதவைச் சாத்துவான். இதைப் பாருங்கள்: இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதா? முன்பு பிடித்த பந்தும் கேமும்கூடப் பிடிக்கவில்லையா? தூக்கம் தலைகீழாகிவிட்டதா? மார்க் சரிந்ததா? சோகமாக இருக்க வேண்டும் என்றில்லை, இந்த வயதில் மனச்சோர்வு அதிகமும் எரிச்சலாகத்தான் வெளியே வரும். 2022-இல் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் எடுத்த தேசிய ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறி தெரிந்தது. வேப்பையும் (மின்சிகரெட்) பாருங்கள். பழ வாசனை என்று விட்டுவிடாதீர்கள், அந்தத் திரவத்தில் போதைப்பொருள் கலந்து விற்கிறார்கள்.

பள்ளியில் கவுன்சலிங் டீச்சர் இருப்பார், அவரிடம் தொடங்கலாம். 18 வயதுக்குள் என்பதால் சிகிச்சைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வதை அப்படியே செய்ய மாட்டார்கள். பாதி நேரம் அவனைத் தனியாக, பாதி நேரம் குடும்பத்தோடு. "எங்களை எதுக்குக் கூப்பிடுறீங்க, சரியில்லாதவன் அவன்தானே?" என்று கேட்ட அப்பா ஒருவர், நாலாவது சந்திப்பில் தன் அப்பா தன்னை அடித்த கதையைச் சொல்லிவிட்டு வெளியே வந்து காடிக்குள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அவன் உள்ள சொன்னதெல்லாம் எனக்குச் சொல்லுவாங்களா?

எல்லாம் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. சொல்வார்கள் என்று தெரிந்தால் அவன் வாயே திறக்க மாட்டான். உயிருக்கு ஆபத்து, யாரோ அவனைத் துன்புறுத்துகிறார்கள், அவன் யாரையாவது காயப்படுத்தப் போகிறான் என்றால் மட்டும் ரகசியம் உடையும். இதை முதல் நாளே அவனிடமும் உங்களிடமும் சொல்லிவிடுவார்கள். காதல் கதையெல்லாம் வராது.

சாகப் போறேன் சாகப் போறேன்னு சொல்றா. சொல்றவ செய்ய மாட்டான்னு சொல்றாங்களே?

அது தப்பு. செய்தவர்களில் பலர் முன்னாலேயே யாரிடமாவது சொல்லியிருப்பார்கள். தனியாகக் கூப்பிட்டு நேரடியாகக் கேளுங்கள்: "செத்துடணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் வேண்டாம். பெரும்பாலும் மூச்சு விட்ட மாதிரி அழுவார்கள். யோசித்து வைத்திருக்கிறாள் என்றால் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள். தோட்டத்துக்கு அடிக்கிற மருந்து, மாத்திரை எல்லாவற்றையும் வீட்டை விட்டே எடுங்கள். சில மணி நேரம் கையில் எதுவும் கிடைக்காமல் போனதே பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

ராத்திரி இரண்டு மணிக்குப் பேச ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929. சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. வீட்டில் அடி உதை என்றால் தாலியான் காசே 15999.

செய்வினைன்னு சொல்றாங்க. சாமியாடிகிட்ட காட்டிட்டு அப்புறம் வரட்டுமா?

நான் கோவில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவள், சாமியைக் குறை சொல்ல மாட்டேன். கயிறு கட்டுங்கள், விபூதி பூசுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்னால், கட்டிப்போட்டு அடிக்கச் சொன்னால், மூவாயிரம் வெள்ளி கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "அப்புறம்" என்ற சொல்தான் எனக்கு உதைக்கிறது. காதில் குரல் கேட்கிற இருபது வயதுப் பையனுக்கு வைத்தியம் தள்ளிப்போகிற ஒவ்வொரு மாதமும் நஷ்டம். காலையில் கிளினிக், சாயங்காலம் கோவில். இரண்டுக்கும் ஒரே நாளில் நேரம் இருக்கிறது.

குடியும் இருக்கு, மனசும் சரியில்ல. எதை முதல்ல பார்க்கிறது?

இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒன்று மற்றதைத் தூக்கிவிடும். தூக்கமில்லாமல் குடிக்கிறவருக்குக் குடியே தூக்கத்தைக் கெடுக்கும். எனக்குத் தெரிந்த ஒருவரை, "முதலில் குடியை நிறுத்திவிட்டு வா" என்று ஓர் இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். "முதலில் மனசைச் சரிசெய்துவிட்டு வா" என்று இன்னோர் இடத்தில். நடுவில் எட்டு மாதம் போனது. அப்படிச் சொன்னால் அதே கவுண்டரில் நின்று, "இரண்டுக்கும் சேர்த்து எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். நாம் கேட்கலாம்.

கூப்பிட்டா வர மாட்டேங்கிறாரு. கட்டித் தூக்கிட்டா போக முடியும்?

அவர் வராவிட்டாலும் நீங்கள் முதலில் போகலாம். எப்படிப் பேசுவது என்று வீட்டாருக்கே சொல்லித்தருவார்கள். குடித்திருக்கும்போது பேசாதீர்கள். காலையில் பசியாறும் நேரம் நல்ல நேரம். "நீங்க குடிகாரர்" என்று தொடங்காமல், "நேத்து பாப்பா உங்களுக்காகக் காத்திருந்துட்டு தூங்கிட்டா" என்று நடந்ததை மட்டும் சொல்லுங்கள். மண்டோருக்கு (தோட்டத்துக் கங்காணி) ஃபோன் போட்டு "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்துங்கள். குடிக்காத சாயங்காலத்தில் அவரோடு உட்காருங்கள், அந்த வித்தியாசம் அவருக்குத் தெரிய வேண்டும்.

வந்துவிட்டால், அரைமனசோடு வந்தவரை எப்படிப் பேச வைப்பது என்பது அவர்கள் பாடு. "ஏன் குடிக்கிறீங்க?" என்று கேட்பதற்கு முன்னால் "குடியில் உங்களுக்கு என்ன பிடிக்கிறது?" என்றுகூடக் கேட்பார்கள்.

ரெண்டு மாசம் தொடவே இல்ல. ஆடித் திருவிழாவுல திரும்பக் குடிச்சிட்டாரு. எல்லாம் வீணாப் போச்சா?

இல்லை. போதையிலிருந்து மீள்கிறவர்களில் நூற்றுக்கு நாற்பதிலிருந்து அறுபது பேர் வரை ஒரு கட்டத்தில் திரும்ப வழுக்குவதாக அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. பிரஷர்காரரும் ஆஸ்துமாக்காரரும் மருந்தை விட்டு மறுபடி விழுவது கிட்டத்தட்ட அதே அளவுதான். அவர்களிடம் யாரும் "எல்லாம் வீண்" என்று சொல்வதில்லை. அந்தத் திருவிழா நாளை நாலு கட்டத் தாளில் எழுதட்டும். யார் கூப்பிட்டது, எத்தனை மணி, சாப்பிட்டிருந்தாரா? அடுத்த திருவிழாவுக்கு அதுதான் பாடம்.

குடித்த வெட்கத்தில் அடுத்த சந்திப்புக்குப் போகாமல் இருப்பதுதான் பெரிய தப்பு. என் தம்பி ஐந்து தடவை வழுக்கினான். நாலாவது தடவை நான் எட்டு மாதம் அவனோடு பேசவில்லை. அந்த எட்டு மாதத்தைத்தான் நான் திரும்பக் கேட்பேன், கிடைத்தால். ஹெரோயின்காரர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை: சிறையிலோ மையத்திலோ சில மாதம் இருந்துவிட்டு வந்து பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது. உயிர் போகும்.

எம்.சி.யில என்ன எழுதுவாங்க? வேலை போயிடுமா?

எம்.சி. என்பது மருத்துவ விடுப்புச் சீட்டு. அதில் கிளினிக்குக்கு வந்தார், இத்தனை நாள் ஓய்வு என்பதுதான் முக்கியம். நோயின் பெயரை எழுத வேண்டாம் என்று டாக்டரிடம் கேட்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் வராமல் இருப்பதால்தான் வேலை போகிறது. ஃபேக்டரி ஷிப்டில் இருப்பவர்கள் சந்திப்புத் தேதியை முன்கூட்டியே வாங்கி, இரவு ஷிப்ட் முடிந்த காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாரையும் நான்தான் பார்த்துக்கிறேன் மிஸ்ஸி. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா... நானும் போகலாமா?

போன மாதம் ஒருத்தி கேட்டாள். கணவனுக்காக ஆறு தடவை வந்தவள். எல்லாரும் பிரசாதம் வாங்கிப் போன பிறகு, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். உட்கார வைத்துப் பட்டையைச் சுற்றினேன். 160-க்கு 100. கடைசியாக எப்போது முழுசாகத் தூங்கினாய் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "பாப்பா பொறந்தப்ப, ஆஸ்பத்திரியில" என்றாள். பாப்பாவுக்கு ஒன்பது வயது.

போகலாம். பிரஷர் சீட்டை எடுத்துக்கொண்டு அதே கவுண்டரில் நம்பர் வாங்கி, உள்ளே போய்த் தூக்கத்தையும் சேர்த்துச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளினிக் வாசலில் நிற்கிறேன் என்றேன். எட்டே காலுக்கு வந்தாள், பாப்பாவையும் கூட்டிக்கொண்டு.